பத்தாம் வகுப்பு வார்த்தைக் கணக்குக்கு ஜியோஜீப்ரா எவ்வளவு உதவும்?

ஜியோஜீப்ரா கால்குலேட்டர் சூட் சமன்பாடு தீர்க்கவும் கணக்குப் படங்கள் வரையவும் உதவும் இலவசச் செயலி. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' பக்கத்துக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் திறப்பதும் ஜியோஜீப்ராதான். அங்கே யாரோ செய்து வைத்த படத்தை இழுத்துப் பார்ப்பதோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். வெறும் திரையில் நாமே ஒரு வார்த்தைக் கணக்கைப் போடும்போதுதான் இதன் பலமும் பலவீனமும் தெரிகின்றன.

முதலில் பலவீனம். கணக்கைப் படித்துச் சமன்பாடாக மாற்றும் வேலையை இது செய்யாது. 'ஒரு பேருந்து 240 கி.மீ. செல்கிறது, மணிக்கு 12 கி.மீ. கூடுதல் வேகத்தில் சென்றால் 60 நிமிடம் முன்னதாகச் சேரும், வேகம் என்ன?' வேகத்தை எக்ஸ் என்று வைத்து, பழைய நேரத்திலிருந்து புது நேரத்தைக் கழித்தால் 1 மணி என்று நாம்தான் எழுத வேண்டும்: 240/எக்ஸ் − 240/(எக்ஸ்+12) = 1. இதைச் செயலியின் 'காஸ்' (CAS, இயற்கணிதத்தைத் துல்லியமாகச் செய்யும் பகுதி) பகுதியில் 'சால்வ்' (Solve, தீர்வு காணும்) கட்டளைக்குள் கொடுத்தால் −60, 48 என்று இரண்டு விடையும் வந்து நிற்கும். நடுவில் வரும் எக்ஸ் வர்க்கம் + 12 எக்ஸ் − 2880 = 0 என்ற இருபடிச் சமன்பாடோ, அதைக் காரணிப்படுத்துவதோ அங்கே இல்லை. வேகம் குறை எண்ணாக இருக்காது என்பதால் −60-ஐ ஒதுக்கும் வரியும் நம் பொறுப்பு. ஸ்டெப் மார்க் முழுக்க இவற்றுக்குத்தான்.

அலகைத் தவறாகப் போட்டாலும் முகம் சுளிக்காமல் விடை தரும். 1-க்குப் பதில் 60 என்று அடித்தால் வேகம் சுமார் 3.17 என்கிறது. மனிதர் நடப்பதைவிட மெதுவாக ஒரு பேருந்து! விடையைக் கேள்வியில் திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் உடனே பிடிபடும்: 240/48 = 5 மணி, 240/60 = 4 மணி, வித்தியாசம் சரி.

இதையே வரைபடமாகப் பார்க்க விரும்பினால், சமன்பாட்டின் இடப்பக்கத்தை ஒரு வளைவரையாகவும் வலப்பக்க 1-ஐ ஒரு கோடாகவும் வரையலாம்; ஆனால் ஆரம்பத் திரையில் இரண்டும் வெட்டும் புள்ளி கண்ணில் படாது. 48 வெகுதூரம் வலப்பக்கம் இருக்கிறது. அமைப்புகளில் கிடையச்சை 0 முதல் 80 வரை, நிலையச்சை 0 முதல் 5 வரை மாற்றிக்கொள்ளுங்கள்.

வடிவியலில்தான் இது கொடுக்காத காசுக்கும் மேலே உழைக்கிறது. ஒரு கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 30°, அதை நோக்கி 40 மீட்டர் நடந்தால் 60°, உயரம் என்ன? அ (0,0), ஆ (40,0) புள்ளிகளையும், ஆ-வுக்கு வலப்பக்கம் அதே கோட்டில் இ என்ற புள்ளியையும் வையுங்கள். அளவு கொடுத்துக் கோணம் வரையும் கருவியில் முதலில் ஆ, பிறகு அ தொட்டு 30° கொடுங்கள். அடுத்து இ, பிறகு ஆ தொட்டு 60°. இங்கே இ-க்குப் பதில் அ-வைத் தொட்டால் கோணம் தரைக்குக் கீழே போய்விடும். திசையை நாம் மாற்றாதவரை கருவி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றுவதுதான் காரணம். கருவி தரும் புதுப் புள்ளிகள் வழியாக அ-விலிருந்தும் ஆ-விலிருந்தும் கதிர்கள் வரைந்தால், இரண்டும் (60, 34.64)-இல் சந்திக்கும். உயரம் 34.64 மீட்டர், இரண்டாம் இடத்திலிருந்து கோபுர அடி 20 மீட்டர். படத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, 40 மீட்டரை மொத்தத் தூரமாக எடுத்துக்கொள்ளும் வழக்கமான தவறு வராது. 20√3 என்ற துல்லிய வடிவம் வேண்டுமென்றால் 'காஸ்' பகுதிக்குத்தான் போக வேண்டும்.

அங்கே பாகைக் குறியை விட்டுவிடாதீர்கள். குறி இல்லாத 30-ஐ ரேடியனாக எடுத்துக்கொண்டால் டேன் மதிப்பு −6.405 ஆகிவிடும். உயரம் குறை எண்ணில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பொதுத்தேர்வின் 8 மதிப்பெண் வரைபடக் கேள்விக்கு, கையால் போட்ட அட்டவணையைச் செயலியின் அட்டவணையோடு ஒப்பிடலாம். அளவுத்திட்டம் தேர்ந்தெடுப்பதும் கிராஃப் தாளில் வரைவதும் கையால் பழகியே ஆக வேண்டும்.

சமன்பாடு அடிக்கப் போன் போதும். படம் வரையக் கணினியோ டேப்லெட்டோ நல்லது. சின்னத் திரையில் விரல் கொஞ்சம் நழுவினாலும் பழைய புள்ளிக்குப் பக்கத்திலேயே புதுப் புள்ளி முளைத்துவிடும், பிறகு இழுத்தால் படம் பிய்ந்து போகும். ஒருமுறை நிறுவிவிட்டால் இதற்கெல்லாம் நெட் தேவையில்லை.