ஒரே கம்பெனிக்கு ரோடு போடுறதா, ஊருக்கே கேபிள் இழுக்குறதா?

வேலைவாய்ப்பு வரணும்னா அரசு காசு எறக்கித்தான் ஆகணும், அதுல பெருசா சண்டை இல்ல. எதுல எறக்குறதுங்கறதுலதான் சண்டையே. ஒரு பெரிய கம்பெனியைப் பிடிச்சு அதுக்குன்னே நிலம், ரோடு, தண்ணி, கரன்ட்னு எல்லாம் பண்ணிக் குடுக்குறது ஒரு வழி. யாரு வந்தாலும் யூஸ் ஆகுற மாதிரி பொதுவா ஒண்ணு கட்டி வச்சுட்டு, சின்னது பெருசு எல்லாம் அதுவா வரட்டும்னு விடுறது இன்னொரு வழி. ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க முதல் வழிதான் வசதி, அதான் அரசியல்வாதிங்களுக்கு அதுமேல அவ்ளோ பாசம்.

அந்த வழி எப்படி சொதப்பும்னு பாக்க அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம் போதும். 2017ல ஃபாக்ஸ்கான் 1,000 கோடி டாலர் போட்டு எல்சிடி ஃபேக்டரி கட்டி 13,000 பேருக்கு வேலை தரப்போறதா அறிவிச்சாங்க, மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகைன்னு சொல்லுச்சு. ஆனா மாநிலம் உஷாரு, ஆள் எடுத்தாத்தான் வரிச்சலுகைன்னு எழுதி வச்சிருந்தாங்க, முதல் வருஷமே சொன்ன அளவு ஆள் எடுக்கல, சலுகையும் கிடைக்கல. மாட்டிக்கிட்டது ஃபேக்டரி வர வேண்டிய மவுன்ட் பிளசன்ட்ங்கற சின்ன ஊரு. குதிரை வாங்குறதுக்கு முன்னாடியே லாயம் கட்டின கதையா, கடன் வாங்கி ரோடு போட்டு, சாக்கடை லைன் இழுத்து, குடியிருந்தவங்க வீட்டையெல்லாம் வாங்கி காலி பண்ணி, மிச்சிகன் ஏரியில இருந்து ஒரு நாளைக்கு 70 லட்சம் கேலன், அதாவது ரெண்டரை கோடி லிட்டருக்கு மேல தண்ணி எடுக்க பக்கத்து ஊரு ரசீன் மூலமா அனுமதி வரைக்கும் வாங்கியாச்சு. 2021ல ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினப்ப அந்த 13,000 வெறும் 1,454 ஆயிருச்சு.

இந்த மாதிரி கடனை அடைக்குற முறையும் கவனிக்கணும். ஃபேக்டரி வந்தா அந்த ஏரியாவோட சொத்து மதிப்பு ஏறும், ஏறினதுல வர்ற கூடுதல் சொத்துவரியை வேற எதுக்கும் தொடாம கடனுக்கே கட்டுவாங்க. ஃபேக்டரி வரலைன்னா? அதுக்குன்னு அந்த ஊர் ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்துச்சு, ஃபேக்டரி கட்டினாலும் கட்டாட்டியும் 2023ல இருந்து 140 கோடி டாலர் மதிப்புன்னு வச்சு ஃபாக்ஸ்கான் சொத்துவரி கட்டணும்னு ஒப்பந்தத்துலயே போட்டுட்டாங்க. என்னைக் கேட்டா மொத்த டீல்ல உருப்படியான ஷரத்து அது ஒண்ணுதான்.

இப்ப மைக்ரோசாஃப்ட் அங்க நிலம் வாங்கி, 2024ல 330 கோடி டாலர் டேட்டா சென்டர் அறிவிச்சிருக்கு, அப்ப போட்ட ரோடும் பைப்பும் வேஸ்ட் இல்லையேன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா டேட்டா சென்டர் கட்டுறப்பதான் ஆள் கூட்டம், ஓட ஆரம்பிச்சா ஒரு ஃபேக்டரி அளவுக்கு ஆள் தேவைப்படாது.

ரெண்டாவது வழிக்கு உதாரணம் அமெரிக்காவுலயே டென்னசி மாநிலத்துல இருக்குற சட்டனூகா. ஊருக்கே சொந்தமான கரன்ட் கம்பெனி இபிபி, மத்திய அரசு மானியம் 11 கோடி டாலர் சொச்சம், மீதிக்கு கடன் பத்திரம்னு போட்டு ஊரு முழுக்க ஃபைபர் கேபிள் இழுத்து 2010லயே நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்துல இன்டர்நெட் குடுத்துச்சு. இதுல எனக்குப் பிடிச்சது இன்டர்நெட் கூட இல்ல, அதே ஃபைபர்ல கரன்ட் லைன் சுவிட்சுகளையும் கோத்துட்டாங்க. காத்துல மரக்கிளை முறிஞ்சு கம்பி மேல விழுந்தா சுவிட்ச் தானா அந்தத் துண்டை மட்டும் கட் பண்ணிட்டு மத்தவங்களுக்கு வேற பக்கமா கரன்ட் திருப்பி விடும். மெஷின் ஓட்டுற எந்த முதலாளியையும் கேளுங்க, கரன்ட் நின்னா எவ்ளோ நஷ்டம்னு சொல்லுவாரு. ஒரு கம்பெனி மூடிட்டுப் போனாலும் அந்தக் கேபிள் பக்கத்து பில்டிங்குக்கு வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

ஆனா ஒரு விஷயம், இதே ஊருதான் 2008ல மாநிலத்தோட சேந்து ஃபோக்ஸ்வாகனையும் சுமார் 58 கோடி டாலர் சலுகை குடுத்து கூட்டிட்டு வந்துச்சு, 2011ல கார் வெளிய வந்துச்சு, ஃபேக்டரி இன்னைக்கும் ஓடுது. அதனால பெரிய கம்பெனி டீல்னாலே மோசம்னு நான் சொல்லல. அங்க நிலம் பழைய ராணுவ வெடிமருந்து ஆலையோடது, ஃபோக்ஸ்வாகன் பேரே அடிபடாத காலத்துலயே பெரிய ஃபேக்டரி எது வந்தாலும் குடுக்கலாம்னு ரெடி பண்ணி வச்சிருந்தாங்க, வித்தியாசம் அங்கதான் இருக்கு.

நேரா வரிச்சலுகை மட்டும் அள்ளிக் குடுக்குறது மூணாவது வழி, அதைப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. அமேசான் ரெண்டாவது தலைமை ஆபீஸ் தேடினப்ப நியூயார்க் கிட்டத்தட்ட 300 கோடி டாலர் காட்டியும் 2019ல டீல் முறிஞ்சு போச்சு. அதே ஆபீஸைப் பிடிச்ச வர்ஜீனியா மாநிலம் சலுகையோட சேத்து போக்குவரத்துக்கும் வர்ஜீனியா டெக் யுனிவர்சிட்டியோட புது கேம்பஸுக்கும் பணம் போட்டுச்சு, 2023ல அமேசான் அடுத்தகட்டக் கட்டுமானத்தை நிறுத்தி வச்சப்பவும் கேம்பஸ் வேலை நிக்கல.

கையில காசு கம்மியா இருக்குற ஊருன்னா என் ஓட்டு பொது வசதிக்குத்தான். பெரிய கம்பெனி வாசல்ல வந்து நின்னாலும், மெயின் ரோடும் மெயின் பைப்பும் ஊரு செலவு, அங்கிருந்து கேட் வரைக்கும் அவங்க செலவுன்னு பேசி முடிக்கணும். பொது வசதியிலயும் ஓட்டை இருக்கு, கட்டுறதுக்கு மானியம் கிடைக்கும், பத்து வருஷம் கழிச்சு ரிப்பேர் பண்ண யாரும் தர மாட்டாங்க. மாசாமாசம் கட்டணம் வர்ற கேபிளுக்கு அந்தப் பிரச்சினை அவ்வளவா இல்ல, ரோட்டுக்குத்தான் முதல் நாளே தனியா பணம் ஒதுக்கி வைக்கணும்.