மும்பையா, ஆரோவில்லா, லேயா?

ஆடி கழிந்ததும் திருச்சியில் எங்கள் ஓட்டக் குழுவில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: இந்த வருஷம் வெளியூரில் எங்கே ஓடுவது? ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். பாதை, பதக்கம், டி-ஷர்ட்டின் நிறம் என்று அலசுவார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். பந்தயம் ஞாயிறு காலையில் நடந்தாலும் அதன் தலையெழுத்து சனிக்கிழமை இரவே எழுதப்பட்டுவிடுகிறது. எங்கே படுத்தோம், என்ன சாப்பிட்டோம், விடியுமுன் வயிறு ஒத்துழைத்ததா? மும்பை, புதுச்சேரி பக்கத்து ஆரோவில், லடாக்கின் லே என்று நான் ஓடிய மூன்று ஊர்களையும் அந்தக் கணக்கில்தான் எடைபோடுகிறேன்.

மும்பை மாரத்தான் 2004-இல் தொடங்கியது. ஜனவரி மூன்றாம் ஞாயிறு. நமக்கு முதல் சிக்கலே அந்தத் தேதிதான், பொங்கலை ஒட்டியே வரும். 2023-இல் ஜனவரி 15, பொங்கலன்றே வந்துவிட்டது. அந்த வருஷம் நான் போகவில்லை. போயிருந்தால் திரும்பி வர வீடு இருந்திருக்காது. ரயிலில் போனால் சென்னையிலிருந்தே ஏறத்தாழ ஒரு நாள். பண்டிகைக் கூட்டத்தில் டிக்கெட் கிடைப்பது தனிப் போராட்டம். ஓடும்போது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை சனி மாலைக்குள் எக்ஸ்போ என்கிற கண்காட்சியில் வாங்க வேண்டும். அங்கே கடை கடையாகச் சுற்றி, ஓட வேண்டிய காலை முதல் நாளே தேய்த்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம். நானும் தேய்த்திருக்கிறேன்.

முதல் முறை ஃபுல், அதாவது 42 கிலோமீட்டர் முழு மாரத்தான் ஓடப் போனபோது, புறப்படும் இடம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையம் என்பதால் அதன் பக்கத்திலேயே அறை எடுத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு. தீப்பெட்டி மாதிரி அறை, ஒரு மணி வரை ஜன்னலுக்குக் கீழே வண்டிச் சத்தம். ராத்திரிக்கு ஆசைப்பட்டு பாவ் பாஜி. 28-ஆவது கிலோமீட்டரில் அந்த வெண்ணெய் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

அடுத்த முறை, மும்பையில் நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்காவில் தங்கினேன். இட்லி, தயிர்சாதம், ஒன்பது மணிக்குத் தூக்கம். மாரத்தான் அன்று விடியுமுன் சிறப்பு லோக்கல் ரயில்கள் விடுகிறார்கள். பெட்டி முழுக்க வலி ஸ்ப்ரே வாசனை. எதிரில் ஒருவர் மடியில் டி-ஷர்ட்டை விரித்து, வாயில் நான்கு ஊக்குகளோடு எண் அட்டையைக் குத்திக்கொண்டிருந்தார். ரயில் குலுங்கும்போதெல்லாம் அட்டை கோணிக்கொண்டது. மூன்றாவது தடவையும் கோணியதும் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். ஹாஃப், அதாவது அதில் பாதித் தூரம் ஓடுபவர்களுக்கு மாட்டுங்கா இன்னும் வசதி. அது மாஹிமில் புறப்படுகிறது, கூப்பிடு தூரம்.

பாதையைப் பற்றிச் சொன்னால், 5.6 கிலோமீட்டர் பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்தில் மற்ற நாளில் கால் வைக்க விடமாட்டார்கள். அன்று காற்று முகத்தில் அடிக்க அதன் மேல் ஓடுவது ஒன்றுக்காகவே போகலாம். நான் ஓடியபோது திரும்பி வருகையில் பெடர் சாலை ஏற்றம். அப்படி ஒன்றும் பெரிய ஏற்றமில்லை. 35 கிலோமீட்டர் ஓடிய காலுக்கு முன்னால் வந்து நிற்பதுதான் அதன் குற்றம். ஆனால் அந்தத் தெருவாசிகள் ஆரஞ்சுச் சுளையும் உப்பும் பிஸ்கட்டும் நீட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துச் சுளையைத் திணித்தார். வேறெந்த ஊரிலும் ஓடுபவனுக்கு இந்த மரியாதையை நான் பார்த்ததில்லை.

ஆரோவில் இதற்கு நேர் எதிர். பிப்ரவரியில், செம்மண் காட்டுப் பாதையில். நேரம் குறிப்பதில்லை, பரிசும் இல்லை. திருச்சியிலிருந்து விழுப்புரம் வழியாக பஸ்ஸில் ஐந்து மணி நேரம். சனிக்கிழமை மதியம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். செலவு மொத்தமும் மும்பையில் ஓர் இரவு அறை வாடகைக்குள் அடங்கிவிட்டது.

தங்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ஆரோவில் விருந்தினர் விடுதிகளும் குயிலாப்பாளையம் பக்கத்து அறைகளும் சீக்கிரமே நிரம்பிவிடும். பிந்தினால் புதுச்சேரிதான். சனிக்கிழமை ராத்திரி அந்த ஊருக்குத் தூங்க வந்தவர்கள் நாம் மட்டும்தான் என்பது பத்து மணிக்கே புரிந்துவிடும். நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன ஆட்டோக்காரர் எனக்கு வரவில்லை. பத்து கிலோமீட்டர் போயாக வேண்டும். பால் வண்டிக்காரர் ஒருவர் பாதி வழி ஏற்றிக்கொண்டார். மிச்சத்தை நடந்தும் ஓடியும் முடித்தேன். நேரம் குறிக்காத பந்தயம் என்பதால் மானம் தப்பியது.

இருட்டில் டார்ச்சோடு தொடங்கும் ஓட்டம். வேர், கல், பள்ளம். கண்ணைத் தரையிலிருந்து எடுக்க முடியாது. வெளிச்சம் வந்ததும் முந்திரி மரங்கள், பறவைச் சத்தம். கையில் கடிகாரம் கட்டியிருப்பதே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் புதிதாக ஓட வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மும்பை ஃபுல்லுக்கு வழக்கமாக ஏற்கெனவே ஓடிய டைமிங் சான்று கேட்பார்கள். ஆரோவில் அதற்கு உதவாது. சான்று வேண்டுமென்றால் முந்தைய வருஷ ஜனவரியிலேயே சென்னை மாரத்தானை ஓடிவைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் லே. செப்டம்பரில் நடக்கும் லடாக் மாரத்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே ஒரு சனிக்கிழமை இரவு போதாது. உடம்பு பழக ஒரு வாரமாவது முன்னால் போய்ச் சேர வேண்டும். முதல் இரவு மூச்சு வாங்கித் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன், இரண்டு முறை. நான் ஓடியது ஹாஃப்தான். கடைசியில் லே கடைவீதிக்கு ஏறி வர வேண்டும், அதில் நடந்தேன், வெட்கப்படவில்லை. கர்துங் லா கணவாயைத் தாண்டும் 72 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. அதிகாலை மூன்று மணிக்கு மலையில் புறப்படுவார்கள். அவர்களைக் கைதட்டி வரவேற்கும் வேலை எனக்குப் போதும். விமானக் கட்டணமும் பத்து நாள் விடுப்பும் சேர்த்துப் பார்த்தால், ஓட்டத்துக்காக லே போகாதீர்கள். லே பார்க்கப் போகிறவர்கள் ஓடிவிட்டு வாருங்கள்.

குழுவில் ஒரு தம்பி கேட்டான், “அண்ணே, முதல் வெளியூர் ஓட்டம், எங்க போகட்டும்?” ஆரோவில்லில் ஹாஃப் போ என்றேன், அறையை முதலில் பிடி, ஆட்டோவை நம்பாதே. எனக்கு? பெடர் சாலையிடம் ஒரு பாக்கி இருக்கிறது. மாட்டுங்கா விடுதிக்காரரிடம் பேசிவிட்டேன். தெருப் பக்கம் ஜன்னல் இல்லாத அறைதான் வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு மறுநாள், கனுப்பிடி வைக்கும் நாளில் ரயிலில் இருப்பேன் என்பதை மட்டும் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.