குழாய்வழி எரிவாயு, ஓராண்டு அனுபவம்: வாடைக்கு முழு மதிப்பெண், விளக்கத்துக்கு இல்லை

சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் அடுக்ககத்துக்குக் குழாய்வழி இயற்கை எரிவாயு வந்து ஓராண்டு நிறைவடைந்துவிட்டது. கட்டணம், வசதி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் அவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன்: சிலிண்டர் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் கவலை ஒழிந்தது, பர்னரில் நாசில் மாற்றிய பிறகு நீலச் சுடர் சீராக எரிகிறது, மீட்டர் அளவிலும் குறை காணவில்லை. நான் எழுத வந்தது, இந்தச் சேவையில் யாரும் மதிப்பிடாத ஒன்றைப் பற்றி, அதாவது எரிவாயுவின் வாடையைப் பற்றி.

குழாயில் வரும் வாயு பெரும்பாலும் மீத்தேன். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் எரிவாயு, கழிவுகள் நீக்கப்பட்டு ஏறத்தாழ மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட திரவம் என்பதால், அதில் இயல்பான கந்தக நெடிகூட மிஞ்சியிருப்பதில்லை. வீடுகளுக்கு அனுப்பும் முன் மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மத்தை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். காற்றின் நூறு கோடிப் பங்கில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே நம் மூக்கு அறிந்துகொள்ளும் பொருள் அது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். அந்தக் கீழ் எல்லையில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 1 சதவீதத்தை எட்டும்போதே சாதாரண மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று அமெரிக்க விதி கூறுகிறது.

அந்த நாட்டில் இந்த வாடை கட்டாயமானதற்குப் பின்னால் பெருந்துயரம் ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்னும் ஊரில், செலவை மிச்சப்படுத்துவதற்காக ஒரு பள்ளி, எண்ணெய் வயல் குழாயிலிருந்து மணமற்ற கழிவு வாயுவை எடுத்துப் பயன்படுத்திவந்தது. கசிந்த வாயு கட்டடத்தின் அடித்தளத்தில் தேங்கியது. பிள்ளைகள் தலைவலி என்று சொல்லியும் காரணம் யாருக்கும் விளங்கவில்லை. 1937 மார்ச் 18 அன்று பிற்பகல், பட்டறை வகுப்பில் மின் தேய்ப்புப் பொறியை இயக்கியபோது எழுந்த பொறியில் கட்டடமே வெடித்துச் சரிந்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக 300 பேர் அளவில் இறந்தார்கள். அதே ஆண்டில் டெக்சாஸ் அரசு வாடை கலப்பதைக் கட்டாயமாக்கியது. அடுப்பை ஏற்றும்போது ஒரு நொடி மூக்கில் படும் அந்த நெடியை, இதைப் படித்த பிறகு நான் முகம் சுளித்து முகர்ந்ததில்லை.

இணைப்பு வந்த நான்காம் மாதத்தில் எங்கள் வீட்டிலேயே அந்த வாடை தன் வேலையைச் செய்தது. ஒரு மாலை, சமையலறையில் ஏதோ நெடி வருவதை அம்மா உணர்ந்தார். முதல் நாள் வைத்த முள்ளங்கிச் சாம்பார்தான் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பாத்திரத்தைக் கழுவி வைத்தார். நெடி போகவில்லை. நம் சமையலறையில் பெருங்காயம், பூண்டு, வெங்காயம், முள்ளங்கி என எல்லாமே கந்தக மணம் உடையவை என்பதால், இந்தக் குழப்பத்துக்காக அம்மாவைக் குறைசொல்ல மாட்டேன். பிறகு சந்தேகம் வந்து, நாற்பது ஆண்டு சிலிண்டர்ப் பழக்கத்தில் குனிந்து தரையோரமாக முகர்ந்து பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். இயற்கை எரிவாயுவோ இலேசானது, மேலே எழும். நான் வந்து, மேல் அலமாரியை எட்டுவதற்காக முக்காலியில் ஏறியபோதுதான் நெடி முகத்தில் அறைந்தது.

மெயின் வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, எந்த மின்விசையையும் தொடாமல் வெளியே வந்து அவசர எண்ணை அழைத்தேன். முப்பத்தைந்து நிமிடத்தில் ஊழியர் வந்தது மெச்சத்தக்கது. அவர் இணைப்புகள்தோறும் சோப்பு நுரையைத் தடவினார். அடுப்புப் பக்க வால்வின் மரையில் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. பொருத்தியவர் சரியாக முறுக்காமல் விட்டதே காரணம். மரையைப் பிரித்து, மறுபடி நாடா சுற்றி முறுக்கி, மீண்டும் நுரை வைத்துக் காட்டிய பிறகே அவர் கிளம்பினார்.

என் மனக்குறை பொருத்திய நாளைப் பற்றியது. அன்று ஊழியர் வால்வைத் திறக்கவும் மூடவும் காட்டினார். வாடையைப் பற்றியோ, வாயு மேலே செல்லும் என்பதைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொடுத்த கையேட்டிலும் அது ஆங்கிலத்தில் ஒற்றை வரியாகவே இருந்தது. அமெரிக்காவில் பல எரிவாயு நிறுவனங்கள், சுரண்டினால் இந்த வாடை வரும் அட்டையைக் கட்டணச் சீட்டோடு அனுப்புவதுண்டு. அப்படி ஓர் அட்டை கையில் இருந்திருந்தால் அம்மா சாம்பார்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்திருக்க மாட்டார்.

மூக்கை மட்டும் நம்பவும் கூடாது. சற்று நேரம் அதே நெடியில் இருந்தால் மூக்கு மரத்துப்போய், கசிவு நின்றுவிட்டது போலத் தோன்றும். புதிய இரும்புக் குழாய்களின் உட்சுவர் தொடக்கத்தில் வாடையை உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு அப்பாவுக்கு மணம் அறியும் திறன் முழுதாகத் திரும்பவில்லை. பகலில் வீட்டில் தனியாக இருப்பவர் அவர்தான். சிலிண்டர் காலத்தில் வாங்கித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டிய கசிவு எச்சரிக்கைக் கருவி இப்போது பயன்படாது என்பதையும் அந்த ஊழியர்தான் சொன்னார். மீத்தேனுக்கான கருவி வாங்கி, கூரையிலிருந்து ஓர் அடிக்குள் மாட்டியிருக்கிறேன்.

இணைப்பு எடுக்க நினைப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். பொருத்த வருபவரை மட்டும், ஒவ்வொரு மரையிலும் சோப்பு நுரை வைத்துக் காட்டாமல் அனுப்பிவிடாதீர்கள். அதே நேரத்தில் வீட்டில் உள்ள அனைவரையும், குறிப்பாகச் சமைப்பவரையும் முதியவர்களையும், அடுப்பருகே அழைத்து அந்த வாடையை ஒருமுறை முகரச் செய்யுங்கள். வாடை அட்டையும் தமிழ்க் கையேடும் கேட்டு நிறுவனத்துக்கு இருமுறை எழுதியிருக்கிறேன். பரிசீலிப்பதாக ஒரு பதில் வந்திருக்கிறது.