திப்பியா, குருணையா: எத்தனாலுக்கு எது தேறும்?

சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற வழியில், சீசன் நேரத்தில் பஸ் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வருவதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். புளித்த மாவு வாடை. சிமெண்ட் களத்தில் வெள்ளையாகக் காய்வது ஜவ்வரிசி, பழுப்பாகக் காய்வது திப்பி. குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து, பாலை வடித்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. எவ்வளவு பிழிந்தாலும் தேங்காய்ச் சக்கையில் கொஞ்சம் பால் நின்றுவிடும் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். காய்ந்த திப்பியில் பாதிக்குமேல் மாவுச்சத்தே இருக்கும்.

இதைப் பார்க்கிற யாருக்கும் வரும் யோசனைதான்: இவ்வளவு மாவு வீணாகிறதே, பெட்ரோலில் கலக்கும் சாராயமான எத்தனால் எடுத்தால் என்ன? சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மரவள்ளி, குருணை (நொறுங்கிய அரிசி), கெட்டுப்போன தானியம், அழுகிய உருளைக்கிழங்கு எல்லாவற்றிலிருந்தும் எடுக்க வழிவிட்டது. பெட்ரோலில் 20 சதவீதம் கலப்பது என்ற இலக்கையும் 2025இல் எட்டியாயிற்று. வாங்க ஆள் இருக்கிறது. திப்பியிலிருந்தா, குருணையிலிருந்தா, எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் வழக்கு.

முதலில் வேதியியல் கணக்கு. 1 கிலோ மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாகி, அதை ஈஸ்ட் முழுக்கத் தின்றால், சுமார் 0.72 லிட்டர் எத்தனால் வரவேண்டும். நடைமுறையில் கொஞ்சம் குறையும். அரிசி என்றால் டன்னுக்கு 450 லிட்டர் வரை, மக்காச்சோளம் என்றால் 380 லிட்டரை ஒட்டி என்பது தொழிலில் புழங்கும் எண். நன்றாகக் காய்ந்த திப்பியில் 55 சதவீதம் மாவு என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கில் டன்னுக்குச் சுமார் 300 லிட்டர் வருகிறது. கழிவுக்கு இது மோசமில்லை.

ஆனால் ஆலையிலிருந்து திப்பி காய்ந்து வருவதில்லை. ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரோடுதான் வெளியே விழுகிறது. அந்த ஈரத் திப்பி ஒரு டன்னில் உலர்பொருள் 200 கிலோ, அதில் மாவு 110 கிலோ. எத்தனால் 60 லிட்டர் தேறினால் அதிகம். 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டிஸ்டில்லரிக்கு (சாராயம் வடிக்கும் ஆலைக்கு) அதை ஏற்றிப் போனால் லாரி வாடகை தண்ணீருக்குத்தான். ஓரிரு நாள் கிடந்தால் புளித்து, ஈஸ்ட்டுக்குப் போகவேண்டியதில் ஒரு பங்கை வேறு நுண்ணுயிர்கள் தின்றுவிடும். களத்தில் காயப் போட்டால் வெயில் இலவசம்தான், ஆனால் இடம் வேண்டும், ஆள் வேண்டும், மழை வரக்கூடாது.

தொட்டிக்குள் போன பிறகும் வேலை இருக்கிறது. குருணையை மாவாக்கித் தண்ணீரில் கரைத்து, 85, 90 டிகிரிச் சூட்டில் ஆல்ஃபா அமிலேஸ் நொதியைப் போட்டால், கூழ் இளகி ஓடும். அப்புறம் சூட்டைக் குறைத்து, அதைச் சர்க்கரையாக்கும் குளுக்கோ அமிலேஸ், அதன்பின் ஈஸ்ட், இரண்டு மூன்று நாள் நொதிப்பு. திப்பியில் மாவு நாருக்குள் சிக்கிக் கிடக்கிறது. நாரைத் தளர்த்த செல்லுலேஸ் போன்ற நொதிகளும் தேவை, அது தனிச் செலவு. கெட்டியாகக் கரைத்தால் கிளறியே சுற்றாது, நீர்க்கக் கரைத்தால் சாராயச் செறிவு விழுந்துவிடும். தானியக் கூழில் 12 சதவீதத்துக்கு மேல் செறிவு பார்க்கலாம், ஈரத் திப்பியில் அதில் பாதி வந்தாலே பெரிது. செறிவு குறையக் குறைய, ஒவ்வொரு லிட்டரையும் வடிக்க அத்தனை நீராவி கூடும். பாய்லரில் விறகு எரிப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வடித்தபின் மிஞ்சும் மண்டியிலும் குருணைக்குத்தான் கை ஓங்குகிறது. மாவு போனபின் புரதம் திரண்டு நிற்கும். அரிசி மண்டியைக் காயவைத்தால் புரதம் 40 சதவீதத்தைத் தாண்டும், தீவனமாக நல்ல விலை போகும். திப்பியில் புரதம் முதலிலேயே இரண்டு மூன்று சதவீதம்தான். மாவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நார்.

அப்படியானால் குருணை வென்றதா? ஆலைக்குள் வென்றது, வெளியே இல்லை. குருணையைக் கழிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது கோழி தின்பது, ஏழை வீட்டில் கஞ்சியாவது. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனால் ஆலைகளுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தியது, பிறகு மறுபடி திறந்தது. விளைச்சல் குறைந்தால் முதலில் மூடப்படும் குழாய் இதுதான். அரிசி நின்றதும் ஆலைகள் மக்காச்சோளத்துக்குத் தாவின. மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் என்று விலை வைத்தார்கள். தீவன விலை ஏறிற்று, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் புலம்பினார்கள், மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் இறக்குமதி செய்தது. அதைப் பார்த்தபின் மக்காச்சோளத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே எனக்கு மனமில்லை.

திப்பிக்கு உண்மையான போட்டி குருணை இல்லை, சாண எரிவாயுக் கலனின் அண்ணன்தான், அதாவது ஆலைக் கழிவை அழுகவிட்டு வாயு எடுக்கும் பெரிய தொட்டி. 1 கிலோ மாவுச்சத்தை எத்தனாலாக்கினாலும், காற்றில்லாத தொட்டியில் அழுகவிட்டு மீத்தேனாக்கினாலும், ஏட்டுக் கணக்கில் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான், 15 மெகாஜூல். வித்தியாசம் பிரித்தெடுப்பதில். சாராயத்தைத் தண்ணீரிலிருந்து கொதிக்கவைத்துப் பிரிக்கவேண்டும், பெட்ரோலில் கலக்க 99.5 சதவீதம் ஆக்க இன்னொரு கட்டம் வேண்டும். வாயு தானே குமிழியிட்டு மேலே வந்துவிடும். ஈரம் அங்கே தொல்லை இல்லை, தேவை. சேலம் பகுதியில் பல சேகோ ஆலைகள் கழிவுநீரிலிருந்து ஏற்கெனவே வாயு எடுக்கின்றன, அதை ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புக்கும் ஜெனரேட்டருக்கும் விடுகிறார்கள். ஈரத் திப்பியில் ஒரு பங்கை அதே தொட்டியில் சேர்க்கலாம். சாராய உரிமம், கலால் பூட்டு என்ற தலைவலியும் இல்லை.

தாய்லாந்தில் மரவள்ளியிலிருந்து எத்தனால் எடுக்கிறார்களே என்பார்கள். அங்கே பெரும்பாலும் முழுக் கிழங்கையும் கிழங்குச் சீவலையும்தான் போடுகிறார்கள், அது வேறு கணக்கு. தவிர, நம் ஊரில் கிழங்கை மாவுச்சத்துப் பாயிண்ட் (எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்ற அளவு) பார்த்து விலைபேசி வாங்குகிறார்கள். பாயிண்டுக்குக் காசு கொடுத்தவர் அதைச் சக்கையில் விட விரும்புவாரா? இயந்திரம் நன்றாகப் பிழியப் பிழிய திப்பியில் மாவு குறையும். திப்பியை மட்டும் நம்பி டிஸ்டில்லரி கட்டுபவர், மற்றவர்களின் ஆலை பழசாகவே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவேண்டியிருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் திப்பி எத்தனால் எனக்குச் சரியாகப் படுகிறது. பக்கத்திலேயே தானிய டிஸ்டில்லரி ஒன்று ஓடுகிறது, அது குருணைக் கூழோடு பத்துக்கு ஒன்று என்ற அளவில் காய்ந்த திப்பியைக் கலந்துகொள்கிறது என்றால், செறிவும் பெரிதாக விழாது, திப்பிக்கென்று தனி ஆலையும் வேண்டாம். அதற்கும் மாட்டுத் தீவனக்காரர் களத்தில் வந்து கொடுக்கும் விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும்.