ஜன்னல் வழியே எண்ணுவது: மூன்று பறவைக் கணக்கெடுப்புகளும் ஒரு மழைமானியும்

டொராண்டோ பக்கம் நவம்பர் பிறந்துவிட்டால் தோட்டத்தில் செய்ய வேலை இருக்காது. ஆனால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பறவைகளுக்குத் தீனி வைக்கும் ஒரு ஃபீடரைத் தொங்கவிட்டால் பார்ப்பதற்கு நிறைய இருக்கும். கறுப்புத் தொப்பி போட்ட சிக்கடி வரும், சிவப்பு கார்டினல் வரும், எல்லோரையும் விரட்டிக்கொண்டு புளூ ஜே வரும். கீழே சிந்தியதை ஜங்கோக்கள் பொறுக்கும். கொஞ்ச நாள் பார்த்த பிறகு இரண்டு ஆசைகள் சேர்ந்தே எழும். இதையெல்லாம் எங்காவது எழுதி வைக்கலாமே என்பது ஒன்று. வெளியே இருக்கும் குளிருக்கும் இந்தக் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கவேண்டும் என்பது இன்னொன்று.

பறவைகளை எண்ணி அனுப்ப மூன்று வழிகள் இருக்கின்றன: கிறிஸ்துமஸ் பேர்ட் கவுன்ட், கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட், ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச். மூன்றிலும் யாரும் சேரலாம். பறவை நிபுணராக இருக்கவேண்டியதில்லை. ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பறவையையும் வானிலையையும் சேர்த்துப் பார்க்க விரும்புபவருக்கு எது பொருந்தும் என்பதுதான் என் கேள்வி. என் ஓட்டு ஃபீடர்வாட்சுக்கு. மற்ற இரண்டையும் தள்ளிவிடச் சொல்லவில்லை, காரணத்தோடு பார்ப்போம்.

மூத்தது: கிறிஸ்துமஸ் கவுன்ட்

19ஆம் நூற்றாண்டின் முடிவில் அமெரிக்காவில் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து துப்பாக்கியோடு கிளம்புவார்கள். எந்த அணி அதிகம் சுட்டது என்று மாலையில் எண்ணிப் பார்ப்பார்கள். ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் உயிரோடு எண்ணலாமே என்றார். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்த 25 இடங்களில் டொராண்டோவும் ஒன்று. அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை.

இப்போதைய முறை இதுதான். 24 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரைக்குள் அந்த வட்டத்தின் அமைப்பாளர் ஒரு நாளைக் குறிப்பார். அன்று குழுக்கள் வட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பார்த்த, கேட்ட பறவைகளையெல்லாம் எண்ணிக் கூட்டுவார்கள். எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், அன்றைய குளிர், காற்று, பனி எல்லாம் பதிவாகும். வீடு வட்டத்துக்குள் இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபீடரை எண்ணித் தரவும் பல வட்டங்களில் இடமுண்டு.

இதன் பெரிய லாபம் கூட வரும் ஆட்கள். முப்பது வருடம் பறவை பார்த்த ஒருவர் பக்கத்தில் நின்று, அந்தச் சத்தம் நட்ஹாட்ச், இது டௌனி மரங்கொத்தி, அலகு நீளமாக இருந்தால் ஹேரி மரங்கொத்தி என்று சொல்லிக்கொடுப்பதற்கு எந்தச் செயலியும் ஈடாகாது. இன்னொரு லாபம் தொடரின் நீளம். ஆடுபான் என்ற அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு 2009இல் இந்தக் கணக்கின் 40 வருடத் தரவை எடுத்து 305 பறவை இனங்களைப் பார்த்தது. அவற்றில் 177 இனங்களின் குளிர்காலப் பரப்பு வடக்கே நகர்ந்திருந்தது. குளிர்காலம் மிதமாவதை வெப்பமானியில் மட்டுமல்ல, பறவைகளின் இருப்பிடத்திலும் படிக்கலாம் என்று அந்தத் தொடர் காட்டியது.

ஆனால் தனி ஆளின் ஆசைக்கு இது போதாது. வருடத்துக்கு ஒரே ஒரு நாள். அன்று விழுந்தவுடன் உறைகிற மழை பெய்தால் எண்ணிக்கை படுத்துவிடும், வெயிலடித்தால் ஏறும். ஆயிரக்கணக்கான வட்டங்களைச் சேர்க்கும்போது இந்த ஏற்ற இறக்கம் சமனாகிவிடும். உங்கள் கொல்லைப்புறத்துக்கு அது உதவாது. நேற்று -5 டிகிரியில் எத்தனை ஜங்கோ, இன்று -18இல் எத்தனை என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் பதில் கிடையாது.

சுலபமானது: பிப்ரவரியின் நான்கு நாள்

கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட் 1998இல் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபானும் தொடங்கியது. 2013 முதல் உலகம் முழுக்க நடக்கிறது. பிப்ரவரி நடுவில் வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாள். ஒன்டாரியோவில் அந்தத் திங்கள் குடும்ப தின விடுமுறை என்பதால் நேரமில்லை என்று சொல்லவும் முடியாது. எங்கு வேண்டுமானாலும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, மெர்லின் அல்லது ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் போட்டால் முடிந்தது. கட்டணம் இல்லை. பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்ய இதைவிட நல்லது இல்லை. அதே நாட்களில் தமிழ்நாட்டிலும் எண்ணுகிறார்கள். ஊரிலிருக்கும் அண்ணனும் நீங்களும் ஒரே கணக்கில், அவர் பக்கம் கொக்கும் மீன்கொத்தியும், உங்கள் பக்கம் சிக்கடியும்.

நான்கு நாளில் ஒரு குளிர்காலத்தைப் பார்க்க முடியாது என்பதுதான் குறை. திருவிழாக் கூட்டத்தை எண்ணி ஊரின் ஜனத்தொகையைச் சொல்வது போலாகிவிடும். தொடங்குவதற்கு நல்ல வாசல், அவ்வளவே.

ஃபீடர்வாட்ச்

இது இந்த ஊர்ச் சரக்கு. 1976இல் ஈரி ஏரிக் கரையிலுள்ள லாங் பாயின்ட் பறவை ஆய்வகம் ஒன்டாரியோ அளவில் ஆரம்பித்தது. எரிகா டன் என்ற ஆய்வாளரின் முயற்சி. 1987-88 குளிர்காலத்தில் கார்னெல் ஆய்வகமும் சேர்ந்து வட அமெரிக்கா முழுக்க விரிந்தது. இப்போது நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை நடக்கிறது. கனடாவில் பேர்ட்ஸ் கனடா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்புக்கு ஏதாவது ஒரு தொகை நன்கொடை கொடுத்தால் சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் 18 டாலர்.

விதிகள் கொஞ்சம். அடுத்தடுத்த இரண்டு நாள் எண்ணவேண்டும், பிறகு குறைந்தது ஐந்து நாள் இடைவெளி. முழுநாளும் ஜன்னலிலேயே நிற்கவேண்டாம். தேநீர் போடும்போது, பாத்திரம் கழுவும்போது பார்த்தாலும் சரி, தோராயமாக எவ்வளவு நேரம் என்று மட்டும் குறிக்கவேண்டும். எண்ணும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. காலையில் 4 சிக்கடி, மதியம் 6, மாலையில் 3 என்றால் எழுதவேண்டியது 6. கூட்டி 13 என்று எழுதக்கூடாது. வந்த சிக்கடியே திரும்பத் திரும்ப வரும், ஒரு விதையை எடுத்துக்கொண்டு போய் ஒளித்துவைத்துவிட்டு அடுத்ததுக்கு வரும். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்சம்தான் நம்பத்தக்க எண். கிறிஸ்துமஸ் கவுன்ட்டின் கூட்டல் கணக்குக்கு நேர் எதிர் இது. வீட்டு ஜன்னலுக்கு இதுவே சரியானதும்கூட.

எனக்கு இதில் பிடித்தவை இரண்டு. முதலாவது, படிவத்திலேயே வானிலைக்கு இடம் இருக்கிறது. பகலின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, மழையா பனியா, தரையில் எவ்வளவு பனி. பறவை எண்ணும் அதே கையால் இதையும் எழுதவேண்டும். ஒரு குளிர்காலம் முடிந்ததும் உங்கள் தாளில் சில விஷயங்கள் தானாகத் தெரியும். தரை திறந்திருக்கும்வரை ஜங்கோக்கள் களைச்செடி விதைகளைத் தேடிப் போய்விடும், பனி மூடியதும் ஃபீடருக்கடியில் வந்து நிற்கும். வெறும் குளிரைவிட மோசமானது மரமெல்லாம் பனிக்கட்டி பூசிக்கொள்ளும் நாள். 2013 டிசம்பர் 21, 22இல் டொராண்டோவில் அப்படித்தான் நடந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. பட்டையிடுக்கில் பூச்சி தேடிப் பிழைக்கும் மரங்கொத்திக்கும் நட்ஹாட்சுக்கும் அதுபோன்ற நாளில் கிளையெல்லாம் கண்ணாடி போர்த்தியிருக்கும். ஃபீடரில் தீனியாக வைக்கும் கொழுப்புக் கட்டியின் மதிப்பு அப்போது புரியும்.

இரண்டாவது, எண்ணும் நாட்களை முன்கூட்டியே முடிவுசெய்யச் சொல்கிறார்கள், பறவை குறைவான நாளையும் எழுதச் சொல்கிறார்கள். கூப்பர் வல்லூறு வேலியில் வந்து உட்கார்ந்தால் அரைமணி நேரம் ஒரு குருவி தலைகாட்டாது. அப்படி வெறிச்சோடிய நாளை யாரும் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பமாட்டார்கள். ஆனால் அந்த நாளும் பதிவில் இருந்தால்தான் நிறையப் பறவை வந்த நாளுக்கு அர்த்தம். ஈவினிங் கிரோஸ்பீக் என்ற மஞ்சள் பறவை மறைந்துவருவது இப்படித்தான் எண்ணாக வெளிவந்தது. 1988 முதல் 2006 வரையிலான ஃபீடர்வாட்ச் தரவில், அந்தப் பறவை வந்ததாகச் சொன்ன வீடுகளின் பங்கு பாதியாகக் குறைந்திருந்தது. வந்தபோது மட்டும் எழுதியிருந்தால் வராமல் போனது தெரிந்திருக்காது.

குறையும் உண்டு. இது உங்கள் ஃபீடரின் கணக்கு, ஊரின் கணக்கு அல்ல. என்ன தீனி வைக்கிறீர்களோ அதற்கேற்ற ஆட்கள்தான் வருவார்கள். கறுப்புச் சூரியகாந்தி விதைக்கு ஓடு மெல்லியது, கொழுப்பு அதிகம், கார்டினல் முதல் சிக்கடி வரை எல்லோரும் தின்பார்கள். ஒன்றே ஒன்று வாங்குவதானால் அதை வாங்குங்கள். மலிவான கலப்பு மூட்டைகளில் சிவப்புச் சோளம் நிறைய இருக்கும். இங்கே அதைச் சீண்டுபவர் குறைவு, பாதி தரையில் கிடந்து மக்கும். பனிவரகு ஜங்கோவுக்கும் அழும் புறாவுக்கும் பிடிக்கும், சிட்டுக்குருவிப் படையையும் கூட்டிவரும். கோல்ட்ஃபிஞ்ச் வேண்டுமென்றால் நைஜர் விதை. நம்மூரில் பேயெள் என்பார்களே, அதேதான். இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வருகிறது, முளைக்காதபடி சூடாக்கித்தான் இங்கே உள்ளே விடுகிறார்கள். நடுவில் தீனியை மாற்றினால் எண்ணிக்கை மாறும், அது வானிலையின் வேலை என்று தோன்றும். ஆகவே பருவம் முழுக்க ஒரே தீனி. ஃபீடரை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள், இல்லையேல் பத்து மீட்டருக்கு அப்பால் வைக்கவேண்டும். நடுத்தூரத்திலிருந்து வேகமெடுத்து வரும் பறவைதான் கண்ணாடியில் மோதிச் சாகும்.

அப்புறம் ஒரு நம்பிக்கை. சில வருடம் ரெட்போல் என்ற சின்னச் சிவப்பு நெற்றிக் குருவிகள் கூட்டமாக இறங்கும், உடனே "இந்த முறை குளிர் பயங்கரமாக இருக்கும்" என்பார்கள். உண்மையில் அவை வருவது வடக்குக் காடுகளில் பிர்ச் மரங்களில் விதை காய்க்காததால். ரெட்போல் போன்ற ஃபிஞ்ச் இனப் பறவைகள் வருமா என்பதை மரங்களின் விளைச்சலை வைத்தே ராண் பிட்டவே என்ற ஒன்டாரியோக்காரர் 1999இலிருந்து பல வருடம் முன்கூட்டிச் சொல்லிவந்தார். இப்போது டைலர் ஹோர் அதைத் தொடர்கிறார். ரெட்போல் வந்தால் போன கோடையின் காய்ப்பைப் பற்றிச் சொல்கிறது, வரும் ஜனவரியைப் பற்றி அல்ல. புயலுக்கு முன் ஃபீடரில் கூட்டம் கூடும் என்பது வேறு கதை. அதில் விஷயம் இருக்கிறது. லண்டன், ஒன்டாரியோவிலுள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வெண்தொண்டைக் குருவிகளை ஓர் அறையில் வைத்து, புயலுக்கு முன் நடப்பதுபோலக் காற்றழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், அவை சீக்கிரமே தீனியை நோக்கிப் போயின.

வானிலைக்கு எதை நம்புவது?

செய்தியில் சொல்லும் டொராண்டோ வெப்பநிலை பெரும்பாலும் பியர்சன் விமான நிலையத்தில் அளந்தது. ஸ்கார்பரோவில் ஏரிக்கு அருகே இருப்பவருக்கு அது பொருந்தாத நாட்கள் நிறைய. படிவத்தை நிரப்ப வீட்டிலேயே அளப்பது நல்லது.

இரண்டு தேர்வுகள். ஒன்று, கூரைக்குப் பக்கத்தில் கம்பத்தில் நிற்கும் தானியங்கி நிலையம். வெப்பம், காற்றழுத்தம், காற்று எல்லாம் கைப்பேசியில் வரும். புயல் வருவதற்கு முன் அழுத்தம் சரிவதைப் பார்க்க இதுதான் வேண்டும். ஆனால் சாதாரண மாடல்களின் மழைமானி, துளி துளியாகச் சாயும் ஒரு குட்டி வாளி. பனியில் அது உறைந்துவிடும், பெய்த மூன்று நாள் கழித்து வெயிலில் உருகும்போது "மழை" காட்டும். சாதாரண ஆல்கலைன் பேட்டரியும் கடுங்குளிரில் தூங்கிவிடும், லித்தியம் போடவேண்டும்.

மற்றது கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்பின் வழி. 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஒரு பக்கம் கொட்டித் தீர்த்து வெள்ளம் வந்தது, இன்னொரு பக்கம் மிகக் குறைவாகவே பெய்திருந்தது. மழை இப்படித் தெருவுக்குத் தெரு மாறும்போது வீட்டுக்கு வீடு அளப்பதே வழி என்று அடுத்த வருடம் தொடங்கினார்கள். கனடாவுக்கு 2011 கடைசியில் வந்தது. கருவி 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். குளிர்காலத்தில் உள்குழலையும் புனலையும் கழற்றிவிட்டு வெளிக்குழாயை மட்டும் வைக்கவேண்டும். காலை ஏழு மணிக்கு அதில் விழுந்த பனியை உள்ளே கொண்டுவந்து உருக்கி, நீராக அளக்கவேண்டும். பக்கத்தில் வெள்ளையடித்த பலகை ஒன்றில் பனியின் ஆழத்தை அளவுகோலால் பார்ப்பது தனி. பத்து சென்டிமீட்டர் பனி ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது தோராயம்தான், ஏரிக் காற்றில் வரும் பஞ்சுப்பனியில் நீர் அதில் பாதிகூட இராது. எதுவும் பெய்யாத நாளில் பூஜ்யம் என்று அனுப்பச் சொல்வார்கள். ஃபீடர்வாட்சின் அதே ஒழுங்கு.

பனி விஷயத்தில் கைக்குழாய்தான் வெல்லும். காற்றழுத்தத்துக்கும் இரவின் குறைந்தபட்சத்துக்கும் தானியங்கி. பணம் ஒன்றுக்குத்தான் என்றால் குழாயும், நிழலில் தொங்கும் ஒரு நல்ல அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானியும் போதும். சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், வீட்டுச் சூடு கலந்துவிடும்.

இதை ஜனவரியில் படிக்கிறீர்கள் என்றால் கிறிஸ்துமஸ் கவுன்ட் முடிந்திருக்கும், அடுத்த டிசம்பருக்குப் பக்கத்து வட்டத்தின் அமைப்பாளரை அக்டோபரிலேயே தேடிப் பிடியுங்கள். ஃபீடர்வாட்சில் பாதியில் சேரத் தடையில்லை, சனி ஞாயிறு என்று முதல் ஜோடி நாளைக் குறித்துவிட்டுத் தொடங்கலாம். அந்த நாட்களில் பிப்ரவரியின் நீண்ட வார இறுதியும் வந்தால் 15 நிமிடப் பட்டியலைத் தனியாக ஈபேர்டில் போட்டுவிட்டால் அதுவும் ஆயிற்று. பறவை அடையாளம் தெரியவில்லை என்று தயங்கவேண்டாம். டொராண்டோ வீடுகளின் ஃபீடருக்கு வழக்கமாக வருபவை ஒரு டஜன் இனங்களைச் சுற்றித்தான், சிக்கடியிலிருந்து தொடங்குங்கள்.