4கே விளையாட்டுக்கு எது: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐயா, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியா?

4கே திரையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்களை வரைய வேண்டியிருப்பதால், 2025-இன் தொடக்கத்தில் வெளிவந்த இவ்விரு கிராபிக்ஸ் கார்டுகளுக்கிடையே பலரும் தயங்குகிறார்கள்.

விலை: அறிமுகத்தின்போது என்விடியாவின் 5070 டிஐ 749 டாலர், ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி 599 டாலர். கடை விலை ஏறி இறங்குவதால், வாங்கும் நாளின் வித்தியாசத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

நினைவகம்: இரண்டிலும் 16 ஜிபி. வேகம் மட்டும் முன்னதில் நொடிக்கு 896 ஜிபி, பின்னதில் 640 ஜிபி.

மின்சாரம்: 300 வாட், 304 வாட், இதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் 5070 டிஐயின் 16-பின் இணைப்பியை இடைவெளி தெரியாதபடி முழுமையாக அழுத்திப் பொருத்துவது மிக முக்கியம். 9070 எக்ஸ்டியின் பெரும்பாலான மாடல்களுக்குப் பழைய 8-பின் கேபிள்களே போதும்.

காட்சித் தரம்: வழக்கமான விளையாட்டுகளில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன, ஒளியின் பாதையை முழுவதும் கணக்கிடும் பாத் டிரேசிங்கை இயக்கினாலோ 5070 டிஐ தெளிவாக முந்துகிறது. குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் தொழில்நுட்பங்களில் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 வெகுவாக முன்னேறியிருந்தாலும், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸை ஏற்கும் விளையாட்டுகளே அதிகம்.

ஆகவே பாத் டிரேசிங் உள்ளிட்ட ரே டிரேசிங்கை (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் முறையை) விரும்பி விளையாடுவோருக்கு 5070 டிஐ பொருந்தும். மற்றவர்கள் 9070 எக்ஸ்டியை வாங்கி, மிச்சமாகும் பணத்தை நல்ல மானிட்டருக்குச் செலவிடலாம் என்பதே என் உறுதியான பரிந்துரை.