குரூயேர்: கோட்டையா, பள்ளத்தாக்கா?

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர் மாநிலத்தில் உள்ள குரூயேருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைப் பார்த்து, ஃபாண்ட்யூ (உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்து உண்ணும் உணவு) சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து ஊரான ப்ரோவில் தொடங்கும் ஜோன் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பாதைக்குச் செல்பவர்கள் குறைவு.

கோட்டை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடைசிப் பிரபு மிஷேல் கடனில் மூழ்கி 1554இல் திவாலானதும், கடன் கொடுத்திருந்த பெர்ன், ஃப்ரிபோர் நகர அரசுகள் அவர் ஆண்ட பகுதியைப் பங்கு போட்டுக்கொண்டன. பின்னாளில் ஓவியர் கொரோ இங்கே தங்கி, வரவேற்பறைச் சுவரில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டினார். அவற்றை நிதானமாகப் பாருங்கள். கல் பாவிய தெருவில், தானியம் அளக்கக் கல்லிலேயே குடைந்த பழைய அளவைக் குழிகளும் உண்டு. பலர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

பள்ளத்தாக்கின் அழகு வேறு. செங்குத்தான பாறைச் சுவர்கள், மரப்பாலங்கள், மலையைக் குடைந்த சுரங்க வழிகள், காலடியில் இரையும் ஆறு. மேலே ஏறினால் 1920 வாக்கில் கட்டிய, 55 மீட்டர் உயர மோன்சால்வான் அணை. அதன் பின்னால் பச்சை நிற ஏரி.

கோடையில் அரைநாள்தான் கையில் என்றால் நான் பள்ளத்தாக்கையே சொல்வேன். மழையிலும் பனியிலும் அந்தப் பாதை வழுக்கும். அப்போதும், வயதானவர்கள் உடன் வந்தாலும், கோட்டைதான் சரி. முழுநாள் இருந்தால் காலையில் பாதை, மாலையில் கோட்டை. நடைக்குப் பிடிமானமுள்ள காலணி கட்டாயம்.